திருமலையில (திருகோணமலையில) சைக்கிள்காரரை எண்ணி, அந்தக் கணக்கை வச்சு ரோட்டைத் திருத்துறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

மத்தியானம் ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட கையோட அநுராதபுரச் சந்தியடியில ஒருக்கா போய் நிண்டு பாருங்கோ. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையள் சைக்கிள்ல வருவினம், சந்திக்குக் கிட்ட வந்ததும் கொஞ்சப் பேர் இறங்கிடுவினம், ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு ஓரத்தில நிண்டு பஸ் போகட்டும் லொறி போகட்டும் எண்டு பாத்திருந்து, பிறகு உருட்டிக்கொண்டே கடந்து, அங்கால போய்த்தான் திரும்ப ஏறுவினம். அந்த இறங்கி உருட்டுற கொஞ்ச அடி தூரம் இருக்குதே, அதுதான் நான் பாத்ததில பெரிய தகவல். இந்த இடத்தில ரோட்டுப் பிழை எண்டு அந்தப் பிள்ளை வாயால சொல்லேல்ல, இறங்கி நடந்து சொல்லுது. அதை ஆரும் எழுதி வைக்கிறேல்ல. எழுதாததால அடுத்த முறை ரோட்டை அகட்டேக்க வாகனக் கணக்கு மட்டும் மேசைக்குப் போகுது, அந்தப் பிள்ளை அந்தக் கணக்கில இல்லை.

2022 இல பெற்றோல் இல்லாத காலத்தில திருமலையில எத்தினை பேர் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவை எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து வரிசை குறைஞ்ச பிறகு அதில ஒரு பங்கு ஆக்கள் விட்டுட்டினம். ஏன் விட்டவை எண்டு அப்பவே எண்ணியும் கேட்டும் வச்சிருந்தா இண்டைக்கு கையில பெரிய ஆதாரம் இருந்திருக்கும். அந்தச் சந்தர்ப்பம் போயிட்டுது, சரி. இனி எப்பிடிச் செய்யலாம் எண்டு ஒவ்வொரு படியாச் சொல்லுறன். நாலு பேர், ஒரு மீற்றர் ரேப், கொப்பி பென்சில், ரெண்டு போன், இவ்வளவும் இருந்தாத் தொடங்கலாம்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில எழுதுங்கோ

"திருகோணமலையில சைக்கிள் வசதி" எண்டு தொடங்கினா ஒரு மாசத்தில களைச்சுப் போவியள். "உப்புவெளிப் பக்கத்தில இருந்து ரவுணுக்குப் பள்ளிக்கு வாற பிள்ளையள் எந்தெந்த இடத்தில பயப்பிடினம்?", "விடியக்காலமை மீன் எடுத்துக்கொண்டு சந்தைக்கு வாற சைக்கிள்காரர் எந்த ரோட்டால வருகினம், ஏன் அதால?", இப்பிடி ஒரு ஆளும் ஒரு பயணமும் ஒரு இடமும் இருக்கிற கேள்வியா இருக்கோணும். கேள்வி சின்னனா இருந்தா எங்க நிக்கிறது, எத்தினை மணிக்கு நிக்கிறது எல்லாம் தானா வரும்.

ரெண்டாம் படி: ரோட்டு ஆரின்ர எண்டு கண்டுபிடியுங்கோ

இதைக் கடைசியில பாப்பம் எண்டு விடுற ஆக்கள்தான் கூட, அதாலதான் நல்ல கணக்கெல்லாம் பிழையான மேசையில போய்க் கிடக்குது. ஏ, பீ வகை ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர பொறுப்பு. கந்தளாய்ப் பக்கமா வாற ஏ6, அநுராதபுரத்தில இருந்து வாற ஏ12, மட்டக்களப்புப் பக்கம் போற ஏ15, இதெல்லாம் அதில சேரும். சீ, டீ வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கையள் அந்தந்த உள்ளூராட்சி சபைக்கு. நீங்கள் நிலாவெளி மட்டும் போற பாதையை எடுத்தா ஊருக்குள்ள ஒரு சபை, உப்புவெளியடியில பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளிக்குக் கிட்டப் போனா குச்சவெளிப் பிரதேச சபை எண்டு மாறும், ரோட்டு ஒருத்தரின்ர, கான் (வடிகால்) இன்னொருத்தரின்ர, லைற் வேற ஒருத்தரின்ர எண்டும் இருக்கும். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில ஆரின்ர எண்டு எழுதிக்கொண்டு போங்கோ.

தெரியாட்டி தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், அதைப் பாவியுங்கோ. தமிழிலேயே எழுதிக் குடுக்கலாம், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்ட முடிவைச் சொல்லோணும். மூண்டு விசயம் கேளுங்கோ: இந்த ரோட்டு ஆரின்ர பொறுப்பு, அடுத்த திருத்த வேலை எப்ப, கடைசி அஞ்சு வருசத்தில இந்த ரோட்டில பதிவான விபத்துகள் இடம், நேரம், வாகன வகையோட. ஆக்களின்ர பேர் விபரம் கேக்காதேங்கோ, அது தேவையும் இல்லை. ரெண்டாவது கேள்விக்கு வாற பதில்தான் உங்கட காலக்கெடு. புதுத் தார்க் காப்பட் போட முந்திக் கணக்கைக் குடுத்தா வெள்ளைக்கோடு கீறிற இடத்தை மாத்திறதுக்குப் பெருசாச் செலவில்லை. போட்டு முடிஞ்ச பிறகு குடுத்தா திரும்பக் கிளறோணும், ஆரும் கிளறமாட்டினம்.

மூண்டாம் படி: ரோட்டை அளவுங்கோ

ஆக்களை எண்ண முந்தி ரோட்டை நடந்து பாருங்கோ, சைக்கிள்ல இல்லை, நடந்து. ஆரும் திருத்தக்கூடிய இலவச இணைய மேப்பான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில ஏற்கனவே எங்கட ரோட்டுகள் கனக்கக் கிடக்குது, ஆனா அகலம், ஓரம், லைற், தார் எப்பிடி எண்ட விபரம் பல இடத்தில இல்லை. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் எண்ட அப்பை அண்ட்ரொய்ட் போனில போட்டா, நீங்கள் நிக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு கேள்வியாக் கேக்கும், பதிலைச் சொன்னா நேர மேப்பிலயே ஏறும், பள்ளிப் பிள்ளையளும் செய்யக்கூடிய வேலை. உங்கட கொப்பியில இதுகளையும் எழுதுங்கோ: வெள்ளைக்கோட்டுக்கு வெளியில எத்தினை சென்ரிமீற்றர் தார் இருக்குது, அதில என்ன நிக்குது (ஓட்டோவா, மீன் பெட்டியா, மணல் கும்பியா), லைற் எத்தினை எரியுது, நிழல் எங்க.

அகலத்துக்கு ஒரு கணக்கு மனசில வச்சிருங்கோ. சைக்கிள் ஹாண்டில் கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர், ஆனா ஓடேக்க ஆள் ஆடி ஆடித்தான் போகும், அதால ஒரு ஆளுக்கு 1 மீற்றர் இடம் வேணும். ஒரு பக்கம் மட்டும் போற சைக்கிள் பாதைக்கு 1.5 மீற்றருக்குக் குறையக் கூடாது, 2 மீற்றர் இருந்தா நல்லம். இங்கிலாந்தில 2020 இல வந்த வடிவமைப்பு வழிகாட்டியும் இந்த அளவுகளைத்தான் சொல்லுது. எங்கட ரோட்டோரத்தை அளந்து பாத்தா பல இடத்தில ஒரு முழமும் வராது, அதிலயும் பாதி மண்.

கான் மூடியை ஒவ்வொண்டா இருந்து பாருங்கோ. இரும்புக் கம்பி போட்ட மூடியில கம்பியள் ரோட்டு போற திசைக்கே நீட்டுக்கு இருந்தா சைக்கிள் சில்லு அப்பிடியே இடைவெளிக்குள்ள இறங்கும், ஓடுறவர் முன்பக்கமாப் பறப்பார். அதைக் குறுக்கால திருப்பிப் போட்டா முடிஞ்சுது. நான் ஒருக்கா ஒரு ஐயாவோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க அவர் தன்ர பழைய லுமாலா சைக்கிளின்ர முன் சில்லைக் காட்டினவர், ரிம்மில ஒரு இடம் நெளிஞ்சு, ரெண்டு கம்பி மாத்தி, அந்த மாத்தின கம்பி மட்டும் பளபளவெண்டு இருந்துது. "மழைத் தண்ணிக்குள்ள மூடி தெரியேல்ல தம்பி" எண்டார். அண்டையில இருந்து நான் எந்த ரோட்டுக்குப் போனாலும் முதல்ல மூடியைத்தான் பாக்கிறது. ஒவ்வொண்டையும் படம் எடுத்து, பக்கத்தில இருக்கிற கரண்ட் கம்பத்தின்ர இலக்கத்தையும் எழுதுங்கோ, திருத்த வாற ஆளுக்கு இடம் தேடுறது லேசு.

இன்னொண்டு, மாரி தொடங்கினதும் ஒரு பெரிய மழை பெஞ்சு விட்ட பிறகு சோக்கட்டியோட போய் தண்ணி தேங்கி நிக்கிற விளிம்பைக் கீறுங்கோ. தண்ணி பெரும்பாலும் ரோட்டோரத்திலதான் நிக்கும், அது எங்கட சைக்கிள்காரரின்ர இடம், ஆகவே மழை நாளில அவையள் ரோட்டு நடுவுக்கு வருவினம். கோட்டுக்கும் ரோட்டோரத்துக்கும் இடையில எவ்வளவு எண்டு ரேப் பிடிச்சு எழுதினா அந்த எண்ணிக்கையோட ஒரு படம் போதும், வேற விளக்கம் தேவையில்லை.

வேகத்தையும் மறக்காதேங்கோ, அதுக்கு மெசின் வேண்டாம். ரோட்டோரத்தில 50 மீற்றரை அளந்து ரெண்டு பக்கமும் அடையாளம் வையுங்கோ. போனில ஸ்டொப்வொச். ஒரு வாகனம் அந்தத் தூரத்தை 6 செக்கனில கடந்தா மணிக்கு 30 கிலோமீற்றர், 3.6 செக்கன் எண்டால் 50, 3 செக்கன் எண்டால் 60. நூறு வாகனத்தை எழுதி, குறைஞ்ச வேகத்தில இருந்து கூடின வேகத்துக்கு அடுக்கி, 85 ஆவதா நிக்கிற வேகத்தை எடுங்கோ, பொறியியலாளர்மாருக்கு அந்த எண்தான் பழக்கம். வாகனமும் ஆக்களும் சைக்கிளும் கலந்து போற இடத்தில 30 க்கு மேல கூடாது எண்டு 2020 பெப்ரவரியில ஸ்டொக்ஹோம் பிரகடனத்தில எழுதியிருக்குது, கடிதத்தில அதைக் குறிப்பிடலாம்.

நாலாம் படி: எண்ணுறது

இதுதான் முதுகெலும்பு, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

எப்ப நிக்கிறது? எங்கட ஊருக்கு எங்கட நேரம். வெளிநாட்டுப் புத்தகத்தில காலமை ஒம்பது, பின்னேரம் அஞ்சு எண்டு போட்டிருக்கும், அதை இங்க வச்சா முக்கியமான ஆக்கள் எல்லாரும் தப்பிடுவினம். மீன்காரர் அஞ்சு, அஞ்சரைக்கே போயிடுவினம். பள்ளி ஏழரைக்குத் தொடங்கிறபடியா 6.30 இல இருந்து 7.45 மட்டும் ஒண்டு. 1.15 இல இருந்து 2.30 ஒண்டு. ரியூசன் போறது வாறது மூண்டில இருந்து ஆறரை மட்டும். இந்தக் கடைசித் துண்டை விடவே கூடாது, ஏனெண்டால் கார்த்திகையில ஆறு மணிக்கு முந்தியே சூரியன் போயிடும், லைற் இல்லாத சைக்கிள்ல பொம்பிளைப் பிள்ளையள் வாற நேரம் அது.

எந்த நாள்? செவ்வாய், புதன், வியாழன் எடுக்கிறது வழக்கம், ஆனா இங்க வெள்ளிக்கிழமையைத் தனியா எண்ணுங்கோ, ஜும்மாவுக்குப் போற ஆக்கள் சைக்கிள்லதான் கனபேர். கோணேசர் கோயில் திருவிழாக் காலம், நோன்பு காலம், பள்ளி விடுமுறை, இதுகளில எண்ணின கணக்கைச் சாதாரண நாளோட கலக்காதேங்கோ. வேணுமெண்டா அதை வேற தலைப்பில வையுங்கோ, அதுக்கும் ஒரு பெறுமதி இருக்குது.

காத்தையும் எழுதுங்கோ, சும்மா சொல்லேல்ல. மேற்கால இருந்து கச்சான் காத்து வீசுற மாசங்களில மேற்கால போற சைக்கிள்காரருக்கு மிதிக்கிறது மலை ஏறுற மாதிரி, சூடு வேற. அந்தக் காலத்தில எண்ணிக்கை குறைஞ்சா ரோட்டு பிழை எண்டு நினைச்சிடாதேங்கோ, மார்கழி மழையில குறைஞ்சாலும் அப்பிடித்தான். வருசத்தில ரெண்டு தரம் எண்ணுங்கோ, கச்சானில ஒண்டு, மாரி முடிஞ்சு மாசியில ஒண்டு. அடுத்த வருசம் அதே மாசம், அதே கிழமை நாள், அதே இடம்.

எப்பிடி எழுதுறது? 15 நிமிசத்துக்கு ஒரு வரி. நாலு கோடு கீறி அஞ்சாவதைக் குறுக்கால கீறுற எங்கட பழைய முறை போதும். ரெண்டு பேர் நில்லுங்கோ, ஒருத்தர் ஒரு திசை. வெறும் "சைக்கிள்" எண்டு எண்ணாமல் இப்பிடிப் பிரியுங்கோ: ஆம்பிளை, பொம்பிளை, பள்ளி உடுப்போட வாற பிள்ளை, வயசானவர், கரியரில ஆள் இல்லாட்டிப் பாரம் ஏத்தினவர். பிறகு நடத்தைக்கு மூண்டு கட்டம்: இறங்கி உருட்டினவை, எதிர்ப்பக்கமா ஓடினவை, கான் மேலால இல்லாட்டி நடைபாதையால ஓடினவை.

பொம்பிளையளின்ர பங்கு ஏன் முக்கியம் எண்டால், ரோட்டு பயமாத் தெரிஞ்சா முதல்ல குறையிறது அவையும் பிள்ளையளும்தான், பல நாட்டிலயும் இதைக் கண்டிருக்கினம். ஒரு கற்பனைக் கணக்கு: பெரிய ரோட்டில 40 சைக்கிள், அதில 4 பொம்பிளையள். பக்கத்து ஒழுங்கையில 20 சைக்கிள், அதில 9 பொம்பிளையள். மொத்தத்தைப் பாத்தா பெரிய ரோட்டுத்தான் சைக்கிள் ரோட்டு மாதிரித் தெரியும். பிரிச்சுப் பாத்தா ஒழுங்கையை நம்பித்தான் பொம்பிளையள் ஓடினம், ஆகவே அந்த ஒழுங்கைக்கு முதல்ல லைற் போடோணும், பெரிய ரோட்டில வேகத்தைக் குறைக்கோணும். ரெண்டு முடிவும் ஒரு கொப்பியில இருந்து வந்தது.

எதிர்ப்பக்கமா ஓடுற ஆளைக் கண்டா "சட்டம் தெரியாதவன்" எண்டு எழுதி முடிக்காதேங்கோ. அவர் எங்க இருந்து வந்தவர், எங்க திரும்பினவர் எண்டு பாருங்கோ. பெரும்பாலும் அவர் போகவேண்டிய கடையோ ஒழுங்கையோ அதே பக்கத்தில கொஞ்சத் தூரத்தில இருக்கும், சரியான பக்கம் போறதெண்டா ரோட்டை ரெண்டு தரம் கடக்கோணும். கடக்கிறதுக்கு அவருக்கு உள்ள பயம் அது. அந்த இடத்தில கடவை இல்லை எண்டுதான் எழுதோணும்.

அஞ்சாம் படி: போன் தகவல், அதின்ர நல்லதும் கெட்டதும்

ஸ்ட்ராவா மாதிரி ஓட்டத்தைப் பதியிற அப்புகளில ஆக்கள் ஓடின பாதை சேந்து, கூட ஓடின ரோட்டு கூடப் பளிச்செண்டு தெரியிற வெப்பப் படமா வருது, திட்டமிடுற நிறுவனங்களுக்கு ஸ்ட்ராவா மெட்ரோ எண்டு 2020 இல இருந்து காசில்லாமல் குடுக்கினம். பாக்க வடிவா இருக்கும். ஆனா கவனம், எங்கட பக்கத்தில அதைப் போட்டு ஓடுறவை ஆர்? ஹெல்மெற், நல்ல ஷூ, கியர் சைக்கிளோட காலமை நிலாவெளி ரோட்டால உடற்பயிற்சிக்குப் போறவையும், உப்புவெளியில தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரரும். மீன் பெட்டி கட்டின ஐயா அதைப் போடுறேல்ல. அந்தப் படத்தை மட்டும் பாத்துத் திட்டம் போட்டா கடற்கரைப் பக்கம் ஒரு வடிவான பாதை வரும், பாலையூற்றுப் பிள்ளை பழையபடி லொறிக்குப் பக்கத்தால போகும். அந்தப் படம் எங்க ஓட ஆசைப்படுறாங்கள் எண்டதுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

நீங்களே சேருங்கோ. ஓஸ்மண்ட் மாதிரி மேப் அப்பில டேற்றா இல்லாமலும் பாதையைப் பதியலாம், ஜீபிஎக்ஸ் எண்ட பாதை ஃபைலா வெளியில எடுக்கலாம். விரும்பிற இருபது பேரிட்ட ரெண்டு கிழமை கேளுங்கோ, அதில மீன்காரர், வேலைக்குப் போற அக்காமார், ரியூசன் பிள்ளையள் கட்டாயம் இருக்கோணும், போன் இல்லாதவருக்கு ஒருநாள் உங்கட போனைக் குடுங்கோ. வெளியான இடத்தில போனின்ர பிழை 5 மீற்றர் அளவில இருக்கும், மரம் கட்டடத்துக்குக் கிட்டக் கூடும், ஆகவே ரோட்டின்ர எந்தப் பக்கத்தில ஓடினவர் எண்டு இதில பாக்கேலாது. நிண்ட இடம், மெதுவாப் போன இடம், சுத்திப் போன இடம், இதைத்தான் பாக்கலாம்.

இதில ரெண்டு பொறுப்பு இருக்குது, விளையாட்டா எடுக்காதேங்கோ. ஒண்டு, ஒவ்வொரு பாதையிலயும் முதல் 200 மீற்றரையும் கடைசி 200 மீற்றரையும் வெட்டிப்போட்டுத்தான் வெளியில காட்டோணும். இல்லாட்டி ஒரு பொம்பிளைப் பிள்ளை எந்த வீட்டில இருந்து எத்தினை மணிக்குத் தனிய வெளிக்கிடுது எண்டு ஊருக்கே தெரியும். பேர் எழுதாதேங்கோ, சம்மதம் எழுத்தில வாங்குங்கோ, பிள்ளையள் எண்டால் தாய் தகப்பனிட்ட. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்குது. ரெண்டாவது, எங்கட ஊர் கடற்படை முகாம் இருக்கிற ஊர், சீனன்குடாவில விமானப்படை இருக்குது. ஸ்ட்ராவாவின்ர வெப்பப் படத்தில உலகத்தில பல இடத்து இராணுவ முகாம்களின்ர உள்ப் பாதையள் தெரிஞ்சு 2018 ஜனவரியில பெரிய பிரச்சினை ஆனது. ஆகவே முகாம்களுக்கு உள்ள பதியவும் வேண்டாம், வாசலடியில நிண்டு படம் எடுக்கவும் வேண்டாம். ட்ரோன் யோசனையை விடுங்கோ, அனுமதி இல்லாமல் பறக்கவிடேலாது.

ஆறாம் படி: ஓடாத ஆக்களிட்டக் கேளுங்கோ

கிண்ணியாப் பாலம் 2009 இல திறந்தது, 396 மீற்றர். அதுக்கு முந்தி பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற மிதவையில) ஏறிக் கடந்த காலம் எல்லாருக்கும் தெரியும், வரிசையில நிண்டு, வாகனம் ஏத்தி, இழுத்து. அந்த மிதவையில ஏறின ஆக்களை மட்டும் எண்ணி, "இவ்வளவு பேர்தானே போறினம், பாலம் எதுக்கு" எண்டு கேட்டிருந்தா? போக விருப்பம் இருந்தும் அந்தக் கரைச்சலுக்காகப் போகாமல் விட்டவை எத்தினை பேர். சைக்கிளும் அதேதான். ஒரு ரோட்டில சைக்கிளே இல்லை எண்டால் அங்க தேவை இல்லை எண்டும் இருக்கலாம், அந்த ரோட்டில ஓடினா உயிர் போகும் எண்டும் இருக்கலாம். எண்ணிக்கை அதைப் பிரிச்சுச் சொல்லாது, கேட்டாத்தான் தெரியும்.

கோபோ எண்ட இலவசக் கருவியில தமிழில படிவம் செய்யலாம், சிக்னல் இல்லாத இடத்திலயும் நிரப்பலாம். கேள்வி ஆறுக்கு மேல வேண்டாம். வீட்டில ஓடக்கூடிய சைக்கிள் இருக்குதா? போன கிழமை ஓடினனீங்களா? இல்லையெண்டால் ஏன்? பிள்ளையை எதில அனுப்புறியள்? தனிய சைக்கிள்ல விடமாட்டன் எண்டால் வீட்டில இருந்து பள்ளிக்குப் போற வழியில எந்த இடத்துக்காக விடமாட்டியள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாய்மார் சொல்லுற பதிலை அவையளின்ர வார்த்தையிலயே எழுதுங்கோ. "அந்த மதகடியில லொறி ஒதுக்கிப்போடும்" எண்டு ஒரு அம்மா சொன்னா அது ஒரு இடம், ஒரு காரணம், ஒரு வாகனம். "பாதுகாப்புக் குறைவு" எண்டு நீங்கள் சுருக்கினா மூண்டும் போயிட்டுது. ஓட்டோவுக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறியள் எண்டும் கேக்கலாம், சபைக் கூட்டத்தில காசுக் கணக்கு நல்லா எடுபடும்.

ஏழாம் படி: விபத்தும், தப்பினதும்

பொலிசில பதிவானது ஒரு பகுதிதான். கான் மூடியில விழுந்து முழங்கால் உடைஞ்சவர் பொலிசுக்குப் போறேல்ல, அவர் நேர ஆஸ்பத்திரிக்கோ நொண்டிக்கொண்டு வீட்டுக்கோதான். ஒரு சின்ன ஊர்த் துண்டில விபத்து எண்ணிக்கை எப்பவும் குறைவு, ரெண்டு மூண்டை வச்சு எந்த இடம் மோசம் எண்டு தீர்மானிக்கேலாது. அதால தப்பின சம்பவத்தை எழுதுங்கோ: உரசிக்கொண்டு போனது, ஓட்டோ திடீரெண்டு நிப்பாட்டினது, கார்க் கதவு திறந்தது, மாடோ மானோ குறுக்க வந்தது. கோட்டை வாசல் பக்கம் மான் உலாவுறது எங்களுக்குப் புதுசில்லை, இருட்டில சைக்கிள்காரருக்கு அது உண்மையான ஆபத்து. சைக்கிள் திருத்திற கடை பாஸிட்டயும் போய்க் கேளுங்கோ, எந்த ரோட்டால வாறவைக்கு ரிம் நெளியுது எண்டு அவருக்கு நல்லாத் தெரியும்.

எட்டாம் படி: எல்லாத்தையும் ஒரு படத்தில

கியூஜிஐஎஸ் எண்டு கொம்பியூட்டரில மேப் கீறிற மென்பொருள் இருக்குது, இலவசம். திருமலைக்கு ஈபிஎஸ்ஜி 32644 எண்ட மேப் ஆள்கூற்று அமைப்பைத் தெரிவு செய்யுங்கோ, அப்பத்தான் தூரம் மீற்றரில சரியா வரும். பிறகு ஒவ்வொரு ரோட்டுத் துண்டுக்கும் ஒண்டில இருந்து நாலு மட்டும் தரம் போடுங்கோ. கலிபோர்னியாவில மினெட்டா நிறுவனம் 2012 இல சொன்ன மன அழுத்தத் தரப்படுத்தல் முறைதான் இது, நான் எங்கட ஊருக்கு இப்பிடி மாத்தி வச்சிருக்கிறன். ஒண்டு, பத்து வயசுப் பிள்ளையைத் தனிய அனுப்பலாம். ரெண்டு, சாறி கட்டின அம்மா பயமில்லாமல் ஓடலாம். மூண்டு, பழகின ஆள் ஓடும், மற்றவை இறங்கி உருட்டுவினம். நாலு, வேற வழியில்லாதவர் மட்டும். வேகம், அகலம், ஓரத்தில நிக்கிற வாகனம், நீங்கள் எண்ணின பொம்பிளையளின்ர பங்கு, உருட்டினவையின்ர எண்ணிக்கை எல்லாம் சேத்துத் தரம் போடலாம்.

இதில ஒரு விதி: ஒரு பாதையின்ர தரம் அதில இருக்கிற ஆகமோசமான துண்டின்ர தரம். 3 கிலோமீற்றர் நல்ல ஒழுங்கையா வந்து நடுவில 150 மீற்றர் மட்டும் நாலாம் தரமா இருந்தா அந்தப் பாதை முழுக்க நாலுதான், ஏனெண்டால் தாய் அந்த 150 மீற்றரை நினைச்சுத்தான் பிள்ளையை விடாமல் வச்சிருக்கிறா. நல்ல செய்தியும் அதுக்குள்ளதான் இருக்குது, 150 மீற்றரைத் திருத்தினா 3 கிலோமீற்றரும் திறக்கும். நல்ல தரத்தைப் பச்சையிலயும் மோசமான தரத்தைச் சிவப்பிலயும் கீறி, சிவப்புத் துண்டு இருக்கிற இடங்களைத் தேடுங்கோ, ரெண்டு பச்சைக்கு நடுவில சின்னச் சிவப்பு, அதுதான் முதல் வேலை.

சுத்துத் தூரத்தையும் பாருங்கோ. நேர்வழியை விடக் கால்வாசிக்கு மேல கூடினா ஆக்கள் அந்தப் பாதுகாப்பான வழியை எடுக்கமாட்டினம் எண்டு அதே மினெட்டா ஆய்வில கணக்கு வச்சிருக்கினம். ஆனா திருமலை ரெண்டு குடாவுக்கு நடுவில நீட்டிக்கொண்டு நிக்கிற ஊர், மேப்பில நேர்கோடு போட்டா கடலுக்கு மேலால போகும், ஆகவே பெரிய ரோட்டால போற தூரத்தோட ஒப்பிடுங்கோ.

ஒம்பதாம் படி: தகவலில இருந்து வேலைக்கு

எல்லாத்துக்கும் "சைக்கிள் பாதை வேணும்" எண்டு கேக்காதேங்கோ. மூடி பிழை எண்டால் மூடியைத் திருப்பக் கேளுங்கோ, ஒரு நாள் வேலை. சந்தியில உருட்டுறவை கூட எண்டால் திரும்பிற மூலையின்ர வளைவை ஒடுக்கி வாகனம் மெதுவாத் திரும்பப் பண்ணோணும், நடுவில நிண்டு போக ஒரு திட்டு வேணும். ஓரத்தில வாகனம் நிக்கிறது பிரச்சினை எண்டால் கோடு கீறினாலும் அந்தக் கோட்டுக்கு மேலதான் நிப்பாட்டுவினம், கல்லோ தூணோ வச்சுப் பிரிச்சாத்தான் உண்டு. அப்பிடிப் பிரிக்கேக்க ஓட்டோக்காரருக்கும் மீன் விக்கிறவைக்கும் பக்கத்தில இடம் காட்டித்தான் பிரிக்கோணும், அவையும் எங்கட ஆக்கள், அவையளின்ர சோத்தில கை வச்சு வாற பாதை நிலைக்காது. வேகம் 50 க்கு மேல போற அகலமான ரோட்டில வெறும் வெள்ளைக்கோட்டுப் பாதை கேக்கிறது பிள்ளையை ஏமாத்திறது, அங்க பிரிச்ச பாதைதான் வேணும். ஒண்டரை மணி வெயிலுக்கு நிழல் எண்டால் சூரியன் தலைக்கு மேல, ரோட்டோரத்தில ஒல்லியா நிக்கிற மரம் உதவாது, பாதைக்கு மேலால கவிஞ்சு வளரிற வேம்போ வாகையோ வேணும், கான் எங்க எண்டு பாத்துத்தான் நடோணும்.

செவில்யா எண்ட ஸ்பெயின் நகரத்தில 2006 க்குப் பிறகு சில வருசத்துக்குள்ளேயே 100 கிலோமீற்றருக்கு மேல பிரிச்ச பாதையளைத் துண்டு துண்டா விடாமல் ஒண்டோட ஒண்டு தொடுத்துப் போட்டவை, சைக்கிள் ஓட்டம் பல மடங்கு கூடினது. அதுவும் வெயில் ஊர்தான். அங்க வேலை செஞ்சது தொடுப்பு. எங்கட ஊரில 300 மீற்றர் அழகான பாதை போட்டு ரெண்டு பக்கமும் லொறிக்குள்ள விட்டா ஆரும் ஓடமாட்டினம், பிறகு "பாதை போட்டம், ஆக்கள் பாவிக்கேல்ல" எண்ட கதை வரும்.

பத்தாம் படி: குடுக்கிறதும், திரும்ப எண்ணுறதும்

ஒரு பக்கம். மேல ஒரு படம், அதில ஒரு சிவப்புத் துண்டு. கீழ மூண்டு எண்: எத்தினை பேர் ஓடினம், எத்தினை பேர் இறங்கி உருட்டினம், வாகனத்தின்ர 85 ஆவது வேகம். அதுக்குக் கீழ ஒரு தாய் சொன்ன ஒரு வரி, பேர் இல்லாமல். கடைசியில கேக்கிற வேலை, ரோட்டுக்காரர் ஆர் எண்டதோட. மிச்சம் எல்லாம் பின்னிணைப்பு. ரோட்டு அதிகார சபைக்குக் குடுக்கிறதின்ர பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும், போக்குவரத்துப் பொலிசுக்கும், பக்கத்துப் பள்ளி அதிபருக்கும் குடுங்கோ. கிடைச்சது எண்டு திகதியோட கையெழுத்து வாங்குங்கோ.

நான் ஒருக்கா அவசரத்தில நாப்பது பக்கம் கட்டிக்கொண்டு ஒரு ஒபீசுக்குப் போனனான், ஆரும் திறந்து பாக்கேல்ல. அடுத்த முறை ஒரே ஒரு படம், சோக் கோடு போட்ட தண்ணியும் அதுக்குள்ளால நடு ரோட்டுக்கு வளைஞ்சு வாற ஒரு பிள்ளையின்ர முதுகும். அந்தப் படத்தைப் பாத்த பொறியியலாளர் கதிரையை விட்டு எழும்பி "இது எந்த மதகடி?" எண்டு கேட்டார்.

வேலை நடந்த பிறகு மூண்டு மாசத்தில ஒருக்கா, ஒரு வருசத்தில ஒருக்கா எண்ணுங்கோ. அதே ஆள் நிண்ட அதே இடம், அதே 15 நிமிசக் கட்டம். திருத்தாத ஒரு ரோட்டையும் கூடவே எண்ணுங்கோ, இல்லாட்டி பெற்றோல் விலை கூடினதால சைக்கிள் கூடினதா, பாதையால கூடினதா எண்டு சொல்லேலாது. மொத்த எண்ணிக்கை கூடாட்டியும் உருட்டிறவை குறைஞ்சா, பொம்பிளையளின்ர பங்கு கூடினா, அந்தத் திருத்தம் வேலை செஞ்சிருக்குது எண்டு எழுதுங்கோ. கொப்பியை எறியாதேங்கோ, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இடம், திகதி, நேரம் எண்டு பேர் வச்சு ரெண்டு பேரின்ர வீட்டில வையுங்கோ. பென்சிலால எழுதினது மழையில நனைஞ்சாலும் அழியாது, பேனையால எழுதாதேங்கோ.